ராத்திரி 12.15 பஸ்ஸா? தேதியை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்

புதுச்சேரியிலிருந்து சனிக்கிழமை ராத்திரி 12.15 மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் தேடுங்கள், நேரம் 12.15 ஏ.எம். என்று இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தேதியில் எடுத்தால், நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த பஸ் முந்தின ராத்திரியே போயிருக்கும்.

ஏ.எம். என்பது லத்தீன் 'ஆன்தே மெரிதியெம்', நண்பகலுக்கு முன், பி.எம். 'போஸ்த் மெரிதியெம்', நண்பகலுக்குப் பின். நம் பேச்சில் விடியும்வரை அதே ராத்திரிதான். கடிகாரக் கணக்கில் நள்ளிரவு 12 அடித்ததுமே அடுத்த நாளின் ஏ.எம். தொடங்கிவிடுகிறது. சரியாக 12 மணிக்குத்தான் சிக்கல்: நண்பகல் தனக்கே முன்னும் அல்ல, பின்னும் அல்ல. அதனால் அழைப்பிதழிலும் நோட்டீஸிலும் '12 பி.எம்.' வேண்டாம், 'நண்பகல் 12' என்றே அச்சடியுங்கள்.

ரயில் டிக்கெட்டில் 24 மணிக் கணக்கு (00.15) என்பதால் ஏ.எம்., பி.எம். குழப்பம் கிடையாது, தேதி மாறுவது மட்டும் அங்கேயும் உண்டு. இங்கே பிரெஞ்சில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தாலும் கவலையில்லை, அவர்கள் மாலை 6-ஐ 18 என்றே எழுதுவார்கள்.