பள்ளி வானியல் மன்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக, டெலஸ்கோப் கண்ணாடியைத் துடைக்காதீர்கள்

பள்ளியில் படித்த காலம் முழுக்க வானியல் மன்றத்தில் இருந்தேன். இப்போது கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, திண்டுக்கல் பக்கம் புதிதாக மன்றம் தொடங்கிய பள்ளிகள் கூப்பிட்டால் போய் உதவுகிறேன். பிள்ளைகளின் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் எங்கள் செட் பண்ணிய அதே தப்புகளை இவர்களும் பண்ணுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர மனசு கேட்கவில்லை.

மூடியைக் கழற்றாமல் பார்ப்பது, ஃபோகஸ் திருகைத் தப்பான பக்கம் திருப்புவது, இருட்டில் செல்போன் டார்ச் அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஓரிரு மாலைகளில் தானாகச் சரியாகிவிடும். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் தொடரக்கூடிய தப்புகள் மட்டும்தான் இதில்.

பௌர்ணமி அன்று நிலா காட்டுவது

அநேகமாக எல்லாப் பள்ளியும் முதல் நிகழ்ச்சியைப் பௌர்ணமிக்குத்தான் வைக்கிறது. முழு நிலா அழகாக இருக்கும், பிள்ளைகள் வீடு திரும்ப வெளிச்சமும் இருக்கும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் டெலஸ்கோப்பில் பார்க்க அதைவிட மோசமான நாள் கிடையாது. பௌர்ணமியன்று நிலாவின் மேல் வெயில் நேராக விழுகிறது, பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. கண் கூசும் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் சில சாம்பல் திட்டுகள், அவ்வளவுதான் தெரியும்.

வளர்பிறை சஷ்டியிலிருந்து தசமிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தலைமையாசிரியர் அறையில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அந்த நாட்களில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீளமாக நிழல் போட்டு நிற்கும். நவமி, தசமி வாக்கில் கோப்பர்நிக்கஸ் பள்ளத்தில் அப்போதுதான் விடிந்திருக்கும். 93 கிலோமீட்டர் அகலமான பள்ளம் அது. படிப்படியாக இறங்கும் அதன் உட்சுவரை ஒரு சின்ன டெலஸ்கோப்பிலேயே பார்க்கலாம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. வளர்பிறை அஷ்டமி நிலா, சூரியன் மறையும்போதே உச்சிக்கு வந்திருக்கும். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டு மணிக்குள் எல்லாரும் பார்த்து முடித்து, வெளியூர்ப் பிள்ளைகள் பஸ்ஸையும் பிடித்துவிடலாம்.

டெலஸ்கோப் பெட்டியில் ‘500 மடங்கு’ என்று போட்டிருந்தால்

வாங்காதீர்கள். கடைக்காரரிடம் டெலஸ்கோப்பின் லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேளுங்கள்.

கண்ணாடியைத் துடைப்பது

இதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை அடங்காத விஷயம் இது.

எங்கள் பள்ளியில் இருந்தது ஆறு அங்குல டாப்சோனியன், அதாவது குழாயின் அடியில் ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த, கையால் தள்ளித் திருப்பும் டெலஸ்கோப். முன்னாள் மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. 2022 அக்டோபரில் ஆயுத பூஜைக்காக இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த கருவிகளையெல்லாம் இறக்கித் துடைத்தோம். டெலஸ்கோப்பின் முறை வந்தபோது, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த ஒருவர் “உள்ளே ஒரே தூசி” என்றார். அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்தாயிற்று. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை எப்படித் துடைப்போமோ அப்படியேதான் அதையும் துடைத்தோம். ஈரத் துணியால் ஒரு முறை, விபூதி போட்டு ஒரு முறை, கடைசியில் செய்தித்தாளைக் கசக்கி அழுத்தி ஒரு முறை. பளபளவென்று வந்துவிட்டது. ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துத் திரும்ப மாட்டினோம்.

செய்த யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கருவியின் மேல் இருந்த மரியாதையில் செய்தது. ஆனால் ஒரு அடிப்படை விஷயம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக் கண்ணாடியில் பளபளப்புப் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. அதற்கு மேல் பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். நாம் துடைப்பது முன்னால் இருக்கும் கெட்டியான கண்ணாடியை, அதனால் ஒன்றும் ஆவதில்லை. டெலஸ்கோப்பின் குழியாடியில் பூச்சு முன்பக்கம் இருக்கிறது. ஒளி கண்ணாடிக்குள் புகுந்து திரும்பினால் பிம்பம் கெடும் என்பதால், வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கி முகப்பிலேயே படியவைக்கிறார்கள். அந்தப் படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் அளவு, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் பாதுகாப்புக்கு இன்னொரு மெல்லிய பூச்சு இருக்கும், அதுவும் துணியைத் தாங்குவதற்கு ஆனது இல்லை. நம் ஊர்த் தூசியில் பாதி மணல் துகள், அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமானது. தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் துடைக்கிற துணியே உப்புத்தாள் ஆகிவிடும்.

பூஜை முடிந்து மழைக்காலம் வந்ததால் இரண்டு மாதம் யாரும் டெலஸ்கோப்பைத் தொடவில்லை. டிசம்பர் கடைசியில் வானம் வெளுத்ததும் வியாழனைப் பார்த்தோம். கிரகத்தைச் சுற்றிப் பால் கொட்டியதுபோல ஒரு மங்கல் வெளிச்சம். துலக்கமாகத் தெரிந்துகொண்டிருந்த இரண்டு பட்டைகளும் காணாமல் போயிருந்தன. முதலில் பனி என்று நினைத்தோம், அப்புறம் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, மாற்றினோம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரம் வரை வட்டவட்டமாகக் கீறல், ஒரு பக்கம் பூச்சே போய் அடிக்கண்ணாடி தெரிந்தது.

பூச்சு மங்கினால் புதிதாகப் பூசலாம். காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடிக்கும் காலப்போக்கில் பூச்சு மங்கத்தான் செய்யும், மறுபடி பூச அங்கேயே வசதி வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு அப்படி ஏது? பூசித் தருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, பணத்துக்கு மறுபடி முன்னாள் மாணவர்களிடம் கையேந்தி, பார்சல் கட்டி அனுப்பி, அது திரும்பி வருவதற்குள் கோடை விடுமுறை வந்துவிட்டது.

இடையில் என்ன போயிற்று தெரியுமா? 2023 மார்ச் 2 மாலை மேற்கு வானத்தில் வெள்ளியும் வியாழனும் சுமார் அரை டிகிரி இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எங்கள் டெலஸ்கோப்பில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் ஒரு டிகிரி அகலம் தெரியும். இரண்டு கிரகங்களும், வியாழனின் நிலாக்களும் ஒரே பார்வையில் அடங்கியிருக்கும். நாங்கள் மைதானத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தோம். எங்களுக்கு மேல் வகுப்பில் இருந்த அண்ணன்கள், அக்காக்கள் அந்த மாதமே பரீட்சை எழுதிப் பள்ளியை விட்டுப் போனார்கள். அவர்களுக்கு அந்தக் காட்சியை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

போன ஆயுத பூஜை வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் படம் அனுப்பியிருந்தான். “அண்ணா, மிர்ரரை எடுத்து நல்லா துடைச்சிட்டோம்” என்று கீழே எழுதியிருந்தான். படத்தின் ஓரத்தில் கசங்கிய செய்தித்தாள் கிடந்தது. அதைப் பார்த்த அன்றே இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தூசியைக் கண்டு பயப்படாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் அழுக்காகத்தான் தெரியும். குழாயின் வாய்ப்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடியே வரும் ஒளியில் ஐந்தாறு சதவீதத்தை மறைக்கிறது. அதை யாரும் கவனிப்பதே இல்லை. மெல்லிய தூசி மறைப்பது அதைவிட மிகக் குறைவு. பார்த்து முடித்ததும் இரண்டு பக்கமும் மூடிவையுங்கள், ஆண்டுக்கணக்கில் கழுவ வேண்டிய அவசியமே வராது.

பல்லி எச்சம் விழுந்தாலோ பூஞ்சை பிடித்தாலோ மட்டும் கழுவத்தான் வேண்டும். அப்போதும் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்துக் கண்ணாடியை வைத்து, முதலில் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுத் தளர்ந்த மணலையெல்லாம் போகவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு ஊறவையுங்கள். சுத்தமான பஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே, அதன் சொந்த எடை தவிர வேறு அழுத்தம் இல்லாமல், நேர்கோட்டில் ஒரே ஒரு முறை இழுங்கள். இழுத்த பஞ்சைத் தூர எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் கூடாது, உப்புத் திட்டு நின்றுவிடும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றுங்கள். அப்புறம் சாய்த்து நிறுத்திக் காயவிடுங்கள். திரும்ப மாட்டியபின் கண்ணாடிகளை நேர்படுத்தும் காலிமேஷன் வேலை கட்டாயம் உண்டு.

பூஜைக்குச் சந்தனம் வைக்க ஆசையாக இருந்தால் குழாயின் வெளிப்பக்கம் வையுங்கள். வைக்கும்போது மூடி போட்டிருக்கட்டும்.

ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர்

சில மலிவு டெலஸ்கோப்புகளுடன் கொடுக்கிறார்கள். குவிந்த வெயிலில் சூடேறி விரிசல் விட்டால் கண் போய்விடும். இன்றே உடைத்துப் போடுங்கள். குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் ஃபில்டர் மட்டும்தான் பாதுகாப்பு. 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் வளையச் சூரிய கிரகணம் வரும், அதற்குள் எல்லாப் பள்ளியும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

துருவ நட்சத்திரத்தை நம்பி ஸ்டாண்டு வாங்குவது

நட்சத்திரங்கள் நகரும் போக்கிலேயே டெலஸ்கோப்பைத் திருப்பும் ஈக்வடோரியல் ஸ்டாண்டு பார்க்க விஞ்ஞானக் கருவி மாதிரி இருக்கும், அதனால் நன்கொடை தருபவர்கள் அதையே வாங்கிவிடுகிறார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். திண்டுக்கல்லில் அந்த நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் பத்து டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. பள்ளிக் கட்டடமோ வேப்பமரமோ மறைத்துவிடும். அச்சை அவ்வளவு கீழே இறக்கினால் பல ஸ்டாண்டுகளில் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். பள்ளிக்கு டாப்சோனியன் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடத் தள்ளித் திருப்பிப் பழகிக்கொள்ளும்.

மொட்டை மாடி

பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும், பிம்பம் கொதிப்பதுபோல் ஆடும். மைதானத்தில், முடிந்தால் புல் தரையில் வையுங்கள்.

பீரோ சாவி ஒருவரிடம் மட்டும் இருப்பது

இரண்டு சாவி வேண்டும்.

“தெரியுது சார்” என்பதை நம்புவது

வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் ஒன்றுமே தெரிவதில்லை. கண்ணை ஐபீஸுக்கு நேராக வைக்க அவர்களுக்குப் பழகியிருக்காது. சிலர் குழாயைக் கையால் பிடித்து நகர்த்திவிட்டிருப்பார்கள், அதில் கிரகம் பார்வையை விட்டே போயிருக்கும். ஆனால் பின்னால் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறார். “தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது சார்” என்று சொல்லிவிட்டு ஏமாற்றத்தோடு நகர்ந்துவிடுவார்கள். வானியல் நமக்குச் சரிப்படாது என்று அந்த நொடியில் முடிவு செய்யும் பிள்ளைகள் நிறைய.

ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்வியே கேட்காதீர்கள். “வியாழனுக்குப் பக்கத்தில் எத்தனை புள்ளி? இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஸ்டூல் போட்டுக் கொடுத்து, கையைப் பின்னால் கட்டச் சொல்லி மறுபடி பார்க்க வையுங்கள். அப்படிக் கேட்ட ஒரு மாலையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரிசையில் வந்து பார்த்துவிட்டு, “அண்ணா, ஒண்ணு காணோம்” என்றாள். நான் குனிந்து பார்த்தேன், மூன்றுதான் இருந்தது. ஒரு நிலா வியாழனுக்குப் பின்னால் போயிருந்தது. அங்கிருந்த பெரியவர்கள் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

எழுதிவைக்காமல் விடுவது

அந்தச் சிறுமிக்கு அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தோம். தேதி, மணி, எந்த ஐபீஸ், ஒரு வட்டத்துக்குள் பென்சிலால் பார்த்தது பார்த்தபடி ஒரு படம். இவ்வளவு போதும். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழன் பக்கத்தில் பார்த்த புள்ளிகளை வரைந்துவைத்து, அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறுவதை ஒப்பிட்டுத்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று கண்டுகொண்டார். நான்கில் உள்ளே இருக்கும் அயோ ஒரு சுற்று முடிக்க 42 மணி நேரம் சொச்சம்தான் ஆகும். ஆக, ஒரே மாலையில் இரண்டு மணி நேர இடைவெளியில் வரைந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். செல்போனில் படம் எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரையும் பிள்ளைதான் உற்றுப் பார்க்கிறது.

பிளஸ் டூ மாணவர்களை நம்பித் திட்டம் போடுவது

நம் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நல்ல வானம் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை. அதே மாதங்களில்தான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு எல்லாம் வரிசையாக வருகின்றன. வேலை தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்றால் டெலஸ்கோப் அந்த மூன்று மாதமும் பீரோவிலேயே இருக்கும். மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் வைத்தே ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர், பிளஸ் ஒன்னில் இரண்டு பேருக்குக் காலிமேஷன் உட்பட எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கண்ணாடி விஷயத்தை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.