வீட்டுப்பாடக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடப்பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கேள்வி எழுதுவார்கள். வலப்பக்கத்தில் விஷயம் தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வங்கியில் இருந்தவர், கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஒரு அம்மா என்று ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். நோட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எந்தக் கேள்வி யாருக்குப் போக வேண்டும், எந்தப் பதிலை அப்படியே விடலாம், எதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்கிறேன்.

வருகிற கேள்விகளில் முக்கால்வாசி வீட்டுப்பாடம். அவற்றைக் கையாள்வதில் நாங்கள் நிறையத் தவறு செய்திருக்கிறோம். இப்படி ஒரு கூட்டம் நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் பேரப்பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவர்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுப்பாடம் என்றாலே விரட்டுவது

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. வீட்டுப்பாடக் கேள்வி என்று தெரிந்தால் "இதை நீதான் செய்யணும்" என்று எழுதித் திருப்பிவிடுவோம். நேர்மையான விதி என்றே நினைத்தோம். ஆனால் டியூஷன் போகிற பிள்ளைக்கு அங்கே உதவி கிடைத்துவிடும். அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில் இலை பறித்துவிட்டு இருட்டிய பிறகு லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்புக்கு, திரும்புகிற வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் நோட்டை விட்டால் வேறு வழி இல்லை. நாங்கள் விரட்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் பொய் சொல்லப் பழகினார்கள். "வீட்டுப்பாடம் இல்ல சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்பார்கள். அந்தப் பொய்யை நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. "எதுவரைக்கும் போனே?" என்றுதான் கேட்கிறோம். கேள்விக்குக் கீழே "நான் இதுவரை செய்தது" என்று ஒரு வரி இருக்க வேண்டும். அது தப்பாக இருந்தாலும் சரி. "இந்த வார்த்தைக்கே அர்த்தம் புரியல" என்று இருந்தாலும் சரி. அந்த வரி இல்லாமல் புத்தகத்திலிருந்து கேள்வியை மட்டும் பெயர்த்து எழுதியிருந்தால், அது எழுதப்படும்வரை யாரும் வலப்பக்கத்தைத் தொடக் கூடாது. ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

விலக்கு ஒன்று உண்டு. நடந்துகொண்டிருக்கும் தேர்வு அல்லது போட்டியின் கேள்வி என்றால், கடைசித் தேதி முடியும்வரை பதில் கிடையாது. இதைப் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டால் போதும், புரிந்துகொள்வார்கள்.

முழு விடையையும் எழுதிக் கொடுப்பது

இது சோம்பேறிகள் செய்கிற தவறு என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்வம் அதிகமுள்ள நிபுணர்கள்தான் இதை அதிகமாகச் செய்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மலை ரயில் பற்றிக் கேட்டிருந்தாள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மையத்தில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அங்கே சரிவு ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி. அது எத்தனை டிகிரிக் கோணம் என்பதுதான் கேள்வி. எங்கள் ரயில்வேக்காரருக்கு இது தன் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்ட மாதிரி. படம், சூத்திரம், அட்டவணை, விடை என்று முழுப் பக்கம் எழுதிவிட்டார். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் பாதை வந்த கதையையும் சேர்த்தார். படிக்கவே ஆனந்தமாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். நல்ல மதிப்பெண். "அந்த ஏற்றத்தைக் கையாலே காட்டு பாப்பா" என்றேன். கையைக் கூரை மாதிரி சாய்த்துக் காட்டினாள். 45 டிகிரி இருக்கும். விடைத்தாளில் அவள் எழுதியிருந்தது ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு! எண் நோட்டிலிருந்து நோட்டுக்குப் போயிருக்கிறது, நடுவே அவள் மண்டைக்குள் நுழையவே இல்லை.

அவளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: "12 கட்டம் போய் ஒரு கட்டம் ஏறு, கட்டத்தாளில் வரை." வரைந்திருந்தால் அந்தச் சரிவு எவ்வளவு மெல்லியது என்று கண்ணுக்கே தெரிந்திருக்கும். அவ்வளவு மெல்லிய ஏற்றத்துக்கே இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், அதனால்தான் பல் தேவைப்படுகிறது என்ற வியப்பும் அவளுக்குக் கிடைத்திருக்கும். நாங்கள் பறித்துக்கொண்டது அந்த வியப்பை.

இப்போது முழு விடை எழுதப்பட்டால் அதன்மேல் தாள் ஒட்டி மறைத்துவிடுகிறேன். எழுதியவருக்கு மனக்கஷ்டம் வரத்தான் செய்யும். கிழித்துப் போடுவதில்லை. பிள்ளை தானாக ஒரு விடைக்கு வந்த பிறகு தாளை எடுத்துவிடுவேன். அப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிள்ளைக்கு இருக்கிற ருசியே தனி.

கேள்வியை அழகாகத் திருத்துவது

இது முழுக்க என் தவறு. பிள்ளைகளின் கேள்வி பெரும்பாலும் கோணல்மாணலாக இருக்கும். அதைச் சுத்தமான தமிழில் திருத்தி எழுதி நிபுணரிடம் கொடுப்பதைப் பெரிய சேவையாக எண்ணியிருந்தேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினான்: "ஊட்டில தண்ணி சீக்கிரமே கொதிச்சிருதாம். அப்புறம் ஏன் சோறு வேக மட்டும் லேட்டாகுது?" நான் அதை அடித்துவிட்டு, "உயரமான இடங்களில் நீரின் கொதிநிலை குறையக் காரணம் என்ன?" என்று எழுதினேன். இயற்பியல் அம்மா அருமையாகப் பதில் எழுதினார். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. எல்லாம் சரி. ஆனால் பையனின் குழப்பம் தொடப்படவே இல்லை. சீக்கிரம் கொதித்தால் சீக்கிரம் வெந்துவிட வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். கொதிப்பது வேறு, சூடு எவ்வளவு என்பது வேறு என்ற இடத்தில்தான் அவனுக்கு முட்டியது. நான் "திருத்திய" கேள்வியில் அந்த முட்டுக்கட்டை காணாமல் போய்விட்டது.

அவனுடைய வரியிலேயே விட்டிருந்தால் அந்த அம்மா ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அரிசியை வேக வைப்பது குமிழி இல்லை, தண்ணீரின் சூடு. கொதிக்க ஆரம்பித்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அந்தச் சூடு ஏறாது. ஊட்டியில் அது 93இலேயே நின்றுவிடுகிறது, சென்னையில் 100 வரை போகிறது. குக்கர் மூடியைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால் ஊட்டியிலும் 115 டிகிரிக்கு மேல் போகும், சோறு சட்டென்று வெந்துவிடும். இங்கே குக்கர் இல்லாத வீட்டில் துவரம்பருப்பு படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரியும்.

எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், தப்பில்லை. "அப்புறம் ஏன்", "ஆனா", "மட்டும்" போன்ற சொற்களை மட்டும் தொடாதீர்கள். பிள்ளை எங்கே நின்றுவிட்டது என்பதை அவைதான் காட்டும்.

"முயற்சி பண்ணு" என்று கைவிடுவது

முழு விடை தரக் கூடாது என்று நாங்கள் கற்றுக்கொண்டதும் எதிர்த்திசையில் போய் விழுந்தோம். "யோசி", "பாடத்தை மறுபடி படி", "முயற்சி பண்ணு". வலப்பக்கம் முழுக்க இப்படியே நிரம்பியது. பிள்ளைகள் வருவது குறைந்தது.

ஆரம்ப நிலையில் இருக்கிறவருக்கு வெறும் முயற்சி போதாது. 1985இல் ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதம் படிக்கும் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாமாகவே கணக்கோடு முட்டி மோதியவர்களைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் பார்த்துப் படித்தவர்கள் அதே மாதிரிக் கணக்குகளை வேகமாகவும் குறைவான பிழைகளோடும் செய்தார்கள். ஆகவே தீர்த்துக் காட்டத்தான் வேண்டும். பிள்ளையின் கணக்கை விட்டுவிட்டு, அதன் பக்கத்து வீட்டுக் கணக்கைத் தீர்த்துக் காட்ட வேண்டும்.

ஒரு பையன் கொண்டுவந்த கணக்கு: 15 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு ஒரு பொருளின் விலை 680 ரூபாய், அசல் விலை என்ன? அவன் 680க்கு 15 சதவீதம் கண்டுபிடித்து, 102ஐக் கூட்டி, 782 என்று எழுதியிருந்தான். தவறு என்று சொன்னால் நம்பவில்லை. 782ம் சரியான விடையான 800ம் பக்கத்துப் பக்கத்து எண்கள், பார்வைக்கு எதுவும் உறுத்தாது.

தொழிற்சாலைக்காரர் இப்படி எழுதினார்: "பச்சை இலையின் எடையில் 78 சதவீதம் போய்விடுகிறது, 22 கிலோ தூள் மிச்சம். இலை எவ்வளவு? உன் வழியிலேயே போட்டுப் பார்." பையன் 22க்கு 78 சதவீதம் கண்டுபிடித்துக் கூட்டினான். கிட்டத்தட்ட 39 கிலோ வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான். "39 கிலோ இலைல எப்படி சார் 22 கிலோ தூள் வரும்?" அவனுடைய அம்மா இலை பறிக்கிறவர். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ இலை வேண்டும் என்பது அவன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சதவீதம் எதன்மேல் போடப்பட்டது என்ற கேள்வி அவனிடமிருந்தே கிளம்பியது. இலைக் கணக்கை நாங்கள் முழுதாகச் செய்து காட்டினோம்: இருப்பது 22 சதவீதம், ஆகவே 22ஐ 0.22ஆல் வகுக்க 100 கிலோ. 680 ரூபாய்க் கணக்கை அவன் செய்துகொண்டான்.

தெரிந்தவருக்கே புரிகிற குறிப்பு

"உள்ளுறை வெப்பத்தை நினைத்துப் பார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். விடை தெரிந்தவருக்கு அது நல்ல குறிப்பு. தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு பூட்டு. குறிப்பைப் பார்த்ததும் பிள்ளையின் கை செய்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும்: வரை, அள, இந்த எண்ணைப் போட்டுப் பார், அம்மாவிடம் கேட்டு வா.

பாடப்புத்தகத்தோடு மல்லுக்கு நிற்பது

வயதான நிபுணர்களிடம் இது அதிகம். பத்தாம் வகுப்பு ஒளியியலில் ஒரு பெண் லென்ஸ் கணக்கு போட்டிருந்தாள். குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில். இன்றைய புத்தகத்தில் இருப்பது கார்டீசியன் குறியீட்டு மரபு. பொருளின் தொலைவை மைனஸ் 30 என்று எடுக்க வேண்டும், சூத்திரத்தில் நடுவே கழித்தல் குறி வரும். அப்படித்தான் அவளும் எழுதியிருந்தாள். பழைய மரபில் படித்த எங்கள் ஆள் அந்தக் கழித்தலை அடித்துவிட்டுக் கூட்டல் போட்டார். அவர் படித்த காலத்தில் பொருளின் தொலைவு பிளஸ் 30, சூத்திரத்தில் கூட்டல். இரண்டு மரபிலும் பிம்பம் 15 செ.மீ. தூரத்தில்தான் விழும். ஆனால் அந்தப் பெண் மைனஸ் 30ஐ அப்படியே வைத்துக்கொண்டு அவருடைய கூட்டல் குறியைப் பயன்படுத்தினாள். 7.5 வந்தது. இரண்டு சரியான வழிகளைப் பாதிப் பாதியாகக் கலந்ததில் தவறான விடை. திங்கட்கிழமை வகுப்பில் திட்டு வாங்கியது அவள்.

அன்றிலிருந்து ஒரு கட்டாயம் வைத்திருக்கிறோம். பதில் எழுதும் முன் அந்த வகுப்பின் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லா வகுப்புப் புத்தகங்களும் படிப்பக அலமாரியில் உண்டு. இதனால் கலைச்சொல் சிக்கலும் தீர்ந்தது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று எழுதும். எங்கள் ஆட்களுக்கு வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமண்டம்தான் வரும். பிள்ளையின் சொல்லை நாம் கற்றுக்கொள்வதுதான் முறை.

புத்தகத்திலேயே பிழை இருப்பதாகத் தோன்றினால் அதைப் பிள்ளையின் பக்கத்தில் எழுத வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கங்களை அதற்காகவே ஒதுக்கியிருக்கிறோம். நிபுணர்கள் தங்களுக்குள் போடுகிற சண்டைக்கும் அங்கேதான் இடம். பெரியவர்கள் இருவர் மோதிக்கொள்கிற இடத்தில் எந்தப் பிள்ளையும் மறுபடி கை தூக்காது.

போன மாதக் கேள்வி ஒன்று இன்னும் திறந்தே இருக்கிறது. உதகை அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970இல் இயங்கத் தொடங்கியது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்பதெல்லாம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானே எழுதிக்கொண்டாள். "சமமான இடத்தில் கட்டாமல் ஏன் சரிவில் கட்டினார்கள்?" என்பது கேள்வி. "இதுவரை செய்தது" வரியில் "மலையில் சமமான இடம் கிடைக்காததால்" என்று எழுதியிருந்தாள்.

தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி, வடக்கு தெற்காக, இடத்தின் அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள மலையைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இயற்பியல் அம்மாவுக்கு இதைச் சொல்லிவிடக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "அந்தச் சரிவு எத்தனை டிகிரி? உதகையின் அட்சரேகை எத்தனை?" என்று மட்டும் எழுதினார்.

போன சனிக்கிழமை அவள் இரண்டு எண்களையும் எழுதியிருந்தாள். இரண்டும் 11 டிகிரியை ஒட்டியவை. கீழே சிவப்பு மையில்: "ரெண்டும் ஏன் மேடம் ஒண்ணா இருக்கு?"

வலப்பக்கம் காலியாக இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அந்த அம்மா வீட்டிலிருந்து உலக உருண்டையை எடுத்து வரப்போகிறார்.