ஆஸ்திரேலியாவில் ஒரே மணமேடையில் சட்டமும் சடங்கும்: செலிபிரண்டுடன் திட்டமிடும் முறை

ஆஸ்திரேலியாவில் ஐயர் நடத்திவைக்கும் திருமணம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால், அவர் திருமணம் நடத்த அரசின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். அவ்வாறு இல்லாதபோது மணமக்கள் சிவில் செலிபிரண்ட் ஒருவரை, அதாவது திருமணம் நடத்த அரசின் அங்கீகாரம் பெற்ற, மதகுரு அல்லாத ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். 1973 முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அட்டர்னி ஜெனரல் துறையின் (மத்திய அரசின் சட்டத் துறை) பட்டியலில் செலிபிரண்டின் பெயர் உள்ளதா என்பதை முதலில் சரிபார்க்கவும். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஆகவே ஒத்திகை, பயணம், ஒலிபெருக்கி ஆகியவை அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

முகூர்த்த நாள் முடிவானதும் தள்ளிப்போடக் கூடாத வேலை, திருமண அறிவிப்புப் படிவத்தைச் செலிபிரண்டிடம் கொடுப்பதாகும். திருமணத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்பும், 18 மாதங்களுக்கு மேற்படாமலும் அது அவர் கைக்குச் சேர வேண்டும். மணமகனோ மணமகளோ சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து, உரிய காலத்துக்குள் கையொப்பமிட இயலாவிட்டால், ஒருவர் மட்டும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, மற்றவர் திருமணத்துக்கு முன் செலிபிரண்டின் முன்னிலையில் கையொப்பமிட முடியும். கடவுச்சீட்டு அல்லது பிறப்புச் சான்றிதழுடன், முன்பு மணமானவர் எனில் விவாகரத்து ஆணையோ துணையின் இறப்புச் சான்றிதழோ காட்ட வேண்டும். தந்தை பெயரையும் தலைப்பெழுத்தையும் ஆவணத்துக்கு ஆவணம் மாற்றி எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு என்பதால், படிவத்திலுள்ள பெயர்களைக் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

திருமணத்துக்கு முன் செலிபிரண்ட் மணமக்களைத் தனித்தனியே சந்தித்து, இருவரும் மனமொத்தே இணைகிறார்களா என்று உறுதிசெய்துகொள்வார். இது 2024 முதல் சட்டத்தின் தேவை. பெற்றோர் இதைத் தங்கள் மீதான ஐயமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நிகழ்ச்சியில் சட்டம் கேட்கும் சொற்கள் மிகச் சிலவே. பிறர் எவரையும் விலக்கி, விருப்பத்தோடு, வாழ்நாள் முழுமைக்கும் இருவர் இணைவதே திருமணம் என்று செலிபிரண்ட் அறிவிக்க வேண்டும். கூடியிருப்போரைச் சாட்சியாக அழைத்து, முழுப் பெயர் சொல்லி, ஒருவரையொருவர் சட்டப்படியான துணையாக ஏற்பதாக மணமக்கள் கூற வேண்டும். இவற்றின் சாரத்தை மாற்ற இயலாது. மற்றவையெல்லாம் உங்கள் விருப்பம்: குறள் வாசிக்கலாம், பாட்டி வாழ்த்திப் பேசலாம், நீங்களே எழுதிய உறுதிமொழியைத் தமிழில் சொல்லலாம். மணமக்களில் ஒருவருக்கு ஆங்கிலம் போதிய அளவு புரியாது எனில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவார்; அப்பணியை மணமக்களில் மற்றவர் செய்ய முடியாது.

இந்தச் சொற்களைச் சடங்கில் எந்த இடத்தில் வைப்பது என்பதே திட்டமிடலில் கடினமான பகுதி. செலிபிரண்ட், ஐயர், நாதஸ்வரக் குழுவினர் ஆகிய மூவரிடமும் நிகழ்ச்சி நிரலின் ஒரே பிரதி இருப்பது அவசியம். தாலி கட்டும் நேரத்தில் உறுதிமொழியை வைப்பது அழகாகத் தோன்றினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கினால் அருகில் நிற்கும் சாட்சிகளுக்குக்கூட எதுவும் கேட்காது, முகூர்த்த நேரமும் காத்திருக்காது. மாலை மாற்றியபின், கூறைப்புடவை மாற்ற மணமகள் உள்ளே செல்வதற்கு முன் உள்ள இடைவெளி பெரும்பாலும் பொருந்தும். வாத்தியத்தை அப்போது நிறுத்துமாறு முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

மணமக்களும், 18 வயது நிரம்பிய இரு சாட்சிகளும், செலிபிரண்டும் மூன்று சான்றிதழ்களில் கையொப்பமிட வேண்டும். மஞ்சளும் குங்குமமும் பட்ட கைகளால் தாளைத் தொடாதிருக்க, ஈரத்துணி ஒன்றை மேசையருகே வைத்துக்கொள்ளுங்கள். செலிபிரண்ட் 14 நாள்களுக்குள் ஆவணங்களைப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்துக்கு அனுப்புவார். மேடையில் தரப்படும் சான்றிதழ் கடவுச்சீட்டில் பெயர் மாற்றுவதற்குப் போதாது. திருமணம் நடந்த மாநிலத்தின் பதிவகத்தில் தனியே விண்ணப்பித்துப் பெறும் சான்றிதழே அதற்குத் தேவை.