பரம்பரைக் கொலஸ்ட்ரால்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

எண்ணெயைக் குறைத்து, முட்டையின் மஞ்சள் கருவை விட்டு, தினமும் காலையில் நடந்தும் முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 220-லேயே (மி.கி./டெ.லி.) நிற்கிறது என்றால், "வெளியில எதையோ சாப்பிடுறான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தப் பழியை முதலில் நிறுத்துங்கள். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. அதை இரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்றும் ஏற்பிகள் (பிடித்து உள்ளே இழுக்கும் புரதங்கள்) கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அமெரிக்காவின் டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970-களில் கண்டுபிடித்தது இதைத்தான், 1985-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ இந்த ஏற்பிக்கான மரபணு பழுதாக வந்தால், ஏறக்குறைய பாதி ஏற்பிகள்தான் வேலை செய்யும், பிறந்த நாளிலிருந்தே எல்.டி.எல். ஏறித்தான் இருக்கும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு உண்டு. ஒல்லியாக இருப்பதோ சைவம் சாப்பிடுவதோ இதற்குப் பாதுகாப்பு இல்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்காத நிலையில் எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், தைராய்டு, சிறுநீரகம் போன்ற வேறு காரணங்களைப் பார்த்துவிட்டு, "இது பரம்பரையா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

சரி, பரம்பரை என்று தெரிந்ததும் அடுத்த தவறு வருகிறது: "எங்க வம்சமே இப்படித்தான், மாத்திரை என்ன செய்யும்?" ஆராய்ச்சி சொல்வது இதற்கு நேர் எதிர். 2003-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த சில பிரெஞ்சுக் குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டார்கள். அது கல்லீரலின் ஏற்பிகளை அழித்துவிடுகிறது. அப்படியானால் அந்த மரபணு சரியாக வேலை செய்யாதவர்கள் எப்படி இருப்பார்கள் என்று டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் தேடினார்கள். 2006-இல் வந்த முடிவு அசர வைத்தது. அப்படிப்பட்ட மாற்றம் கொண்ட கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் 15 ஆண்டுகளில் அவர்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்திருந்தது! ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டு அதே அளவு குறைத்தால்கூட இவ்வளவு பலன் வராது, ஏனென்றால் இவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே குறைவு. எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு, எத்தனை வருடமாக அப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். இந்த மரபணு ஆராய்ச்சியிலிருந்துதான் 2015-இல் புதிய ஊசி மருந்துகள் வந்தன. ஆகவே "அளவு சரியாயிடுச்சு" என்று டாக்டரைக் கேட்காமல் நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

"நல்ல கொழுப்பு 70 இருக்கே, அதனால கெட்டது 160 இருந்தா பரவாயில்ல" என்று கணக்குப் போடுவதும் எனக்குக் கவலை தருகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைப் பிறவியிலேயே உயர்த்தும் ஒரு மரபணு மாற்றத்தை 2012-இல் ஆயிரக்கணக்கானோரிடம் பார்த்தபோது, அந்த மாற்றம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. அதற்கு முன்பே, எச்.டி.எல்.லை நன்றாக ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையை, இறப்புகள் கூடியதால் 2006-இல் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டையும் கழித்துப் பார்க்கும் கணக்கு செல்லாது.

அப்புறம், எச்சிலைத் துப்பி அனுப்பும் மரபணுப் பரிசோதனைகள். பல மரபணுக்களைக் கூட்டிப் போடும் இதய ஆபத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளை வைத்து உருவானவை, நம் ஆட்களுக்கு அதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. மதிப்பெண் அதிகமாகவே வந்தாலும், புகை, எடை, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததை 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதைவிட எளிய ஒரு இரத்தப் பரிசோதனையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: லைப்போபுரோட்டீன் (ஏ), எல்.டி.எல். போன்றே இரத்தக்குழாயைக் கெடுக்கும் ஒரு கொழுப்புத் துகள். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது, வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் (லிப்பிட் புரொஃபைல்) இது வராது, வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒருவருக்குக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடுவது. பரம்பரைக் கோளாறு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவர்களுக்கும் அப்படியே. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும், இரு பக்கமும் பழுதான மரபணு இருந்தால் நான்கில் ஒரு குழந்தைக்கு இரண்டுமே சேர்ந்து வரலாம், அந்தக் குழந்தைக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் ஒரு கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள், "குழந்தைக்கு எதுக்கு மாத்திரை" என்று பயப்படாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் இந்தக் கோளாறுக்காகச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கியவர்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 39 வயதுக்குள் இதய நோய் வந்தது அவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான். அதே கோளாறு இருந்த அவர்களுடைய பெற்றோரில், அதே வயதுக்குள், 26 சதவீதம் பேருக்கு வந்திருந்தது.