காசு செலவழித்தும் கால் வலிக்கிறதா? தோழியோடு ஜப்பான் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நானும் என் தோழியும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எட்டுப் பேர் படுக்கும் அடுக்குக் கட்டில் அறை, முதுகில் மூட்டை, ராத்திரி பஸ்ஸில் தூங்கி அறை வாடகையை மிச்சம் பிடிப்பது, இதெல்லாம் இனி எங்களுக்கு ஆகாது. கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை, நோகாமல் போய்வர வேண்டும் என்று பேசிவைத்துத்தான் ஒரு நவம்பரில் ஜப்பான் கிளம்பினோம். டோக்கியோவில் நான்கு இரவு, ஹகோனே எனும் மலையூரில் ஒன்று, கியோட்டோவில் நான்கு. செலவு கூடத்தான் ஆனது. ஆனாலும் முதல் மூன்று நாள் நொந்து நூலானோம். தாராளம் காட்ட வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம் பண்ணினோம், வேண்டாத இடத்தில் அள்ளிவிட்டோம்.

இதற்கெல்லாம் மூலம் வீட்டிலேயே இருந்தது. 'வசதி' என்று இருவரும் சொன்னோமே தவிர, அவரவர் மனதில் இருந்தது வேறு வேறு. எனக்கு வசதி என்றால் எட்டு மணி வரை தூக்கம், லிஃப்ட், கூப்பிட்டால் வரும் டாக்சி. அவளுக்கோ பெரிய குளியலறை, நிதானமான காலைச் சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் தோட்டம். டாக்சி மீட்டர் ஓட ஓட அவளுக்கு வயிறு எரியும். அறை வாடகையைக் கேட்டால் எனக்கு எரியும். டிக்கெட் போடுவதற்கு முன்பே ஆளுக்கு மூன்று வரி எழுதிக் காட்டிக்கொள்ளுங்கள்: எதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், எதில் கொடுப்பேன், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன். மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குள் நடந்த சண்டையில் பாதி அதனால் வந்ததுதான்.

போய்ச் சேரும் நாள்

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது இறங்கி ஏறித்தான் போகிறோம். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் போய் இறங்கினால், ஓட்டலில் அறை கிடைப்பது பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்குத்தான். அங்கே இந்த நேரத்தைக் கறாராகப் பின்பற்றுகிறார்கள். வரவேற்பறையில் புன்னகையோடு பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறை மட்டும் மூன்றுக்குத்தான். ஒன்று, மாலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இல்லையென்றால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடுங்கள். வெட்டிச் செலவு போலத் தெரியும். ஐந்து மணி நேரம் பூங்கா பெஞ்சில் தூங்கி வழிந்த பிறகு அப்படித் தெரியாது.

விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்றும் பாருங்கள். ஹனேடா டோக்கியோ நகரத்தை ஒட்டியது. நரிட்டா 60 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. டிக்கெட்டில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால் ஹனேடாவுக்கே என் ஓட்டு.

கட்டிலின் அகலம்

'இரண்டு பேர்' என்று போட்டுத் தேடினால் இணையதளம் முதலில் காட்டும் மலிவான அறை பல நேரம் 'செமி டபுள்'. ஜப்பானில் இது தனிச் சரக்கு. கட்டில் அகலம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், அதாவது நாலடிகூட முழுசாக இல்லை. புதுக் கல்யாண ஜோடிக்கு ஓகே. குறட்டை விடும் தோழிகளுக்கு ஆகாது. முதல் ராத்திரி அறைக்குள் நுழைந்ததும் அவள் கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "யாருடி தரையில?" என்றாள். தரையிலும் இடமில்லை என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

'ட்வின்' என்று இருந்தால்தான் இரண்டு கட்டில். அறையின் சதுர மீட்டரையும் பாருங்கள். 13 சதுர மீட்டர் என்பது 140 சதுர அடி. அதில் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்து வைக்க முடியாது. 22, 25 என்று இருந்தால் நிம்மதி. புகைபிடிக்கும் அறைகள் இன்னும் பல ஓட்டல்களில் உண்டு, அவை மலிவாகவும் இருக்கும், ஆகவே அதையும் கவனியுங்கள். இருவரில் ஒருவருக்குத் தூக்கம் இலேசு என்றால் தனித்தனியாக இரண்டு சிங்கிள் அறை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நல்ல ட்வின் அறையின் விலைக்கும் இரண்டு சாதாரண சிங்கிள் அறைகளின் விலைக்கும் பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது.

பெட்டியை இழுக்காதீர்கள்

இதைத்தான் நாங்கள் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். ஜப்பான் ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் ஏறினால் படிதான், அதுவும் பெட்டியோடு. டோக்கியோவில் டாக்சி முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 500 யென்னில் தொடங்குகிறது. யென் என்பது அரை ரூபாயைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இருவராகப் பிரித்துக்கொண்டால் நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போக ஆளுக்கு ஒரு காப்பிச் செலவு. அதை மிச்சம் பிடிக்கப் போய் என் தோழி முழங்காலுக்குக் களிம்பு வாங்கினாள். டாக்சியின் பின்கதவை ஓட்டுநரே உள்ளிருந்து திறந்து மூடுவார், நீங்கள் கை வைக்க வேண்டாம். இரவு பத்துக்கு மேல் கட்டணம் இருபது சதவீதம் கூடும்.

ஊர்விட்டு ஊர் போகும்போது பெட்டியை 'தக்யூபின்' என்ற கூரியரில் அனுப்பிவிடலாம். காலையில் ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்தால் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மறுநாள் போய்விடும். பெரிய பெட்டி ஒன்றுக்கு 3,000 யென்னை ஒட்டி ஆகும். மறுநாள்தான் போகும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே ஓர் இரவுக்கான துணியும் மாத்திரையும் கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். ஹகோனேபோல ஓரிரவு தங்கும் இடம் நடுவில் இருந்தால் இது வரப்பிரசாதம்: பெரிய பெட்டி நேராகக் கியோட்டோ போகட்டும், நீங்கள் கைவீசிக்கொண்டு மலைக்குப் போங்கள்.

பெட்டி கூடவே வந்தாக வேண்டும் என்றால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கியோ, கியோட்டோ வழியாகப் போகும் தொக்கைடோ ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலில் பெட்டி வைக்க இடம் உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள்.

பாஸ், கிரீன் கார்

பழைய வீடியோக்களைப் பார்த்து ரயில் பாஸ் வாங்குவது இன்னும் நடக்கிறது. ஏழு நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் ஒரே தாவலாக 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழி 14,000 யென் அளவில்தான். போய்த் திரும்பினாலும் பாஸ் கட்டுப்படியாகாது.

வசதி என்றதும் 'கிரீன் கார்' எனும் உயர் வகுப்பு எடுக்கத் தோன்றும். என் கருத்தில் அது இரண்டு பேருக்குத் தேவையில்லை. சாதாரண வகுப்பிலேயே காலை நீட்டி உட்காரலாம், ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. அந்த இரண்டு, டி-யும் ஈ-யும், தோழிகளுக்கென்றே போட்டது மாதிரி. வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை தெரிவதும் அந்த ஈ பக்கத்து ஜன்னலில்தான். மிச்சமாகும் ஏறக்குறைய 5,000 யென்னை டாக்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹகோனேயிலிருந்து வருகிறவர்கள் ஓடவாரா நிலையத்தில் ஏற வேண்டும். ஷின்கான்சென் ரயில்களில் வேகமான நொஸோமி அங்கே நிற்காது. ஹிகாரி சிலதும் கொதாமாவும்தான் நிற்கும். நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது பிளாட்பாரத்தில், நொஸோமி காற்றடித்துக்கொண்டு போன பிறகு.

ரியோகான்

சொகுசுப் பயணத்தில் ஒரு ராத்திரியாவது ரியோகானில், அதாவது பழைய பாணி விடுதியில் தங்க ஆசை வரும், தங்கவும் வேண்டும். ஆனால் ஓட்டலைப் போல அறைக்கு ஒரு வாடகை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. சாப்பாட்டு நேரம் ஆறு, ஆறரை என்று முடிவாகியிருக்கும். எட்டு மணிக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்களில் அழகாக வர வேண்டிய விருந்து போச்சு, பணமும் போச்சு. மூன்று, நான்கு மணிக்கே போய்விடுங்கள்.

படுக்கை தரையில் விரிக்கும் ஃப்யூட்டான் மெத்தை. நமக்குப் பாயில் படுத்துப் பழக்கம்தானே என்று அவள் துள்ளினாள். படுப்பதில் சிரமமே இல்லை. எழுந்திருப்பதில்தான். முழங்கால் தொந்தரவு இருந்தால் கட்டில் போட்ட ஜப்பானிய அறை கேட்டால் கிடைக்கும். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம் வெந்நீர் ஊற்றுக் குளியல். ஆண், பெண் தனித்தனி. ஆனால் உள்ளே துணியே கூடாது, நீச்சல் உடையும் கூடாது. எவ்வளவு நெருங்கிய தோழியானாலும் இதைக் குளிக்கப் போகும்போது சொல்லக் கூடாது, முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கூச்சம் உள்ளவர்களுக்கு மணிக்கணக்கில் தனியாக எடுத்துக்கொள்ளும் குளியலறைகள் உண்டு. பச்சை குத்தியிருந்தால் பொதுக் குளத்தில் பல இடங்களில் அனுமதி இல்லை. பாட்டி காலத்துக் கைப்பச்சை என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

சைவம் என்றால்

என் தோழி சைவம். காய்கறி சூப்தானே, உடோன் நூடுல்ஸ்தானே என்று நம்பிச் சாப்பிடுவதுதான் பெரிய தவறு. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு 'தாஷி' பெரும்பாலும் காய வைத்துச் சீவிய மீனில் எடுப்பது. மிசோ எனும் சோயா விழுது சூப்பில், நூடுல்ஸ் குழம்பில், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி தெம்புராவுக்குத் தரும் தொட்டுக்கொள்ளும் சாற்றில்கூட அது இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன்சாறு வேண்டாம் என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீன், மீன்சாறு இரண்டையும் பெயர் சொல்லி மறுக்கும் ஜப்பானிய வரியைக் கைபேசியில் வைத்திருங்கள். ரியோகானில் அறை போடும்போதே சொல்ல வேண்டும்; முடியாது என்று சொல்லும் விடுதிகளும் உண்டு, சொல்லிவிடுகிறார்களே என்று சந்தோஷப்படுங்கள். கியோட்டோவில் புத்த மடங்களின் 'ஷோஜின்' சமையல் இருக்கிறது. அதில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அந்த ஊரின் அரஷியாமா பகுதியில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே அப்படி ஓர் உணவகம் உண்டு. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது அங்கேதான், சந்தோஷத்தில்.

நம்மவர்கள் கையோடு கொண்டுபோகும் மின்சாரக் கெட்டிலும் குட்டிக் குக்கரும் அங்கே சரிப்படாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுடும், தண்ணீர் கொதிப்பதற்குள் பசி போய்விடும். ஓட்டல் அறையில் கெட்டில் பெரும்பாலும் இருக்கும். கைபேசி சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, தட்டையான இரண்டு முள் பிளக் வேண்டும். பழம், பச்சைக் காய், கறிவேப்பிலை இவற்றைச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துப்போக முடியாது. மருந்திலும் கவனம். சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே தடை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் டாக்டர் சீட்டு மாத்திரை கொண்டுபோவதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும்.

(கழிப்பறையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மக் தேடாமல் போய்வரக்கூடிய அயல்நாடு இது. தண்ணீர் பீய்ச்சும், சூடும் கூட்டிக் குறைக்கலாம்.)

பொதுப் பர்ஸ்

நாளுக்கு நாள் கணக்கு எழுதி ராத்திரி பைசல் பண்ணுவது எங்களுக்கு ஒத்துவரவில்லை. நான்காம் நாள் ஒரு தனிப் பர்ஸ் வாங்கி ஆளுக்கு 20,000 யென் போட்டோம். டாக்சி, டீ, நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. காலியானால் மறுபடி சமமாகப் போடுவது. சொந்தச் சாமான் அவரவர் காசு. கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயில் எடுக்கட்டுமா என்று கருவி கேட்டால் யென் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றுவார்கள், நமக்கு நஷ்டம். பயணக் காப்பீட்டைத் தனித்தனியாக எடுங்கள், சர்க்கரை, பிரஷரை மறைக்காமல்.

ஒட்டிக்கொண்டே திரிவது

காலை முதல் ராத்திரி வரை சேர்ந்தே இருந்தால்தான் நட்பு என்று ஒரு நினைப்பு. பத்து நாளில் அது யாரையும் எரிச்சலாக்கிவிடும். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும்; விடிகாலையில் போனால்தான் அந்தச் சிவப்பு வாசல்களுக்கு நடுவே கூட்டமில்லாமல் நடக்கலாம். மேலே 233 மீட்டர் உச்சிவரை போய்வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு அவள் கிளம்பிவிட்டாள். நான் எட்டுக்கு எழுந்து காலைச் சாப்பாட்டை அரை மணி நேரம் கூட நீட்டித்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு ஓட்டல் வாசலில் சந்தித்தோம். மீதி மூன்று நாளும் காலை அவரவருக்கு, மதியத்துக்கு மேல் சேர்ந்து என்று வைத்துக்கொண்டோம்.

இப்படிப் பிரிவதற்கு இருவரிடமும் தனித்தனி டேட்டா சிம் இருக்க வேண்டும். ஒருவர் சிம்மை வைத்து மற்றவர் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் தெருமுனை திரும்பியதுமே ஒருவர் ஊமை. ஓட்டலின் பெயர் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை வரவேற்பறையில் இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், டாக்சிக்காரரிடம் காட்ட.