கரத்தை மாடு வாங்குமுன்

கரத்தைக்கு, அதாவது மாட்டுவண்டிக்கு, மாடு பார்க்கக் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் போங்கள். மாரி முடிந்த கையோடு போனால் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து மாடெல்லாம் பச்சைப் புல் தின்று பளபளவென்று நிற்கும். எது உடம்பு, எது புல் என்று பிரிக்க முடியாது. காய்ந்த புல்லிலும் சூட்டுக் காற்றிலும் முதுகு வற்றாமல் நிற்கிற நாம்பன்தான் (இளங்காளைதான்) கரத்தைக்கு உதவும்.

முதலில் பல். மாட்டுக்கு மேல்வாய் முன்பக்கத்தில் பல் இல்லை, கீழ்வாயில் எட்டு. பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஏறக்குறைய 2 வயது. நாலு பல்லுக்கு 2½ முதல் 3, ஆறுக்கு 3½, எட்டும் சேர 4 தாண்டும்; நாட்டு மாட்டுக்குச் சில மாதம் பிந்தலாம். நாலு பல்லில் வாங்கினால் பழக்கவும் எளிது, உழைப்பும் நெடுங்காலம் கிடைக்கும். எட்டுக்குப் பிறகு எண்ணுவதில் பயனில்லை, தேய்மானத்தைப் பாருங்கள்: பல் குட்டையாகி இடையில் சந்து விழுந்தால் கிழடு. கொம்பு வளையத்தை நம்பாதீர்கள். கண்ணாடித் துண்டால் சீவி எண்ணெய் தடவினால் இரண்டு வயது குறைந்துவிடும்.

கழுவிக் கட்டையில் கட்டிய மாட்டுக்கு விலை பேசவே கூடாது. நடத்திக் காட்டச் சொல்லுங்கள். ஈர மணல் கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை. முன்காற் குளம்பு பதிந்த தடத்தின் மேலேயோ சற்று முன்னாலோ பின்காற் குளம்பு விழ வேண்டும். பின்தங்கி விழுந்தாலும், நுனி இழுபட்ட கோடு தெரிந்தாலும் இடுப்பிலோ முழங்காலிலோ குறை இருக்கிறது. குளம்பு இரண்டும் ஒரே நீளமா என்றும் பாருங்கள்.

அடுத்தது நாணயக் கயிறு, அதாவது மூக்கணாங்கயிறு. மூக்குத் துளை கிழிந்து அகன்றிருந்தால் அது இழுத்து இழுத்தே ஓட்டப்பட்ட மாடு; வாய் சொல்லுக்கு நிற்காது. ஓட்டுபவர் கயிற்றை மெல்லச் சுண்டினால் தலையை உதறாமல் இரண்டு மூன்று அடியில் நிற்க வேண்டும். இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். சோடியில் ஒரே பக்கம் பூட்டிப் பழகிய மாடு மறுபக்கம் கட்டினால் முரண்டும், அதனால் இடத்தனா வலத்தனா என்று கேட்டே வாங்குங்கள்.

வெறும் கரத்தையை இழுத்துக் காட்டுவதில் ஏமாறுபவர்கள் நிறைய. ஐந்து அந்தர், அதாவது சுமார் 250 கிலோ ஏற்றி, மணல் ஒழுங்கையில் கால்மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நுகத்தில் படுக்கும் பழக்கமுள்ள மாடு அப்போதுதான் தன்னைக் காட்டும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு, விட்டுவிடுங்கள். ஓட்டி நிறுத்திய பின் நிழலில் மூச்சைக் கவனியுங்கள். சற்று நேரத்தில் ஆற வேண்டும். வாய் திறந்து இளைத்துக்கொண்டே நின்று, மயிரும் நீண்டு சொரசொரப்பாக இருந்தால், முன்பு கால்-வாய் நோய் (கோமாரி) வந்து போன மாடாக இருக்கலாம். குளம்புப் புண் ஆறினாலும் சில மாடுகளுக்கு வெயில் தாங்கும் சக்தி திரும்பாது.

கழுத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். காய்த்துத் தடித்த தோல் உழைத்த அடையாளம். சூடும் வீக்கமும் இருந்தால் புது நுகப்புண். பஞ்சு போல மென்மையாக இருந்து, “பழகின மாடு” என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறை தெரிய ஒரு அளவு நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையான நீளத்தாலும் பெருக்கி 300 ஆல் வகுத்தால் இறாத்தல் வரும். சுற்று 60, நீளம் 50 என்றால் 600 இறாத்தல், சுமார் 270 கிலோ.

மயிர்ச்சுழியில் ராசி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். சுழி கரத்தையை இழுக்காது. ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவர் அதைச் சொல்லி விலை குறைப்பார், அதையும் கணக்கில் வையுங்கள்.

காசு கொடுக்குமுன் உடலில் உள்ள அடையாளமும் உரிமைச் சீட்டில் உள்ள அடையாளமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கைமாற்றத்தை முறைப்படி பதியுங்கள். லொறியில் ஏற்றுவதானால் போக்குவரத்து அனுமதி தனியாக வேண்டும்.

கொண்டுவந்த மாட்டை இரண்டு கிழமை மற்ற மாடுகளோடு சேர்க்காமல் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் வேறாக இருக்கட்டும். பழைய வீட்டில் தின்ற வைக்கோலிலேயே ஒரு கட்டுக் கேட்டு வாங்கி வந்து, புதுத் தீனியை நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். திடீரென்று புண்ணாக்கை அள்ளி வைத்தால் வயிறு ஊதும்.