தவறாகப் போன மெயில்: முதல் அரை நிமிடமும் அதற்குப் பிறகும்

மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கைமாறும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. அதில் அனுப்பும் கட்டளை உண்டு. திரும்பப் பெறும் கட்டளை கிடையாது. பெறுநரின் சர்வர் வாங்கிக்கொண்ட கணமே மெயில் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. ஜிமெயிலில் வரும் 'அன்டூ' போன மெயிலை இழுத்து வருவதில்லை. அனுப்பாமல் சில விநாடி பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சில விநாடியை நீட்டி வைப்பதுதான் முதல் வேலை.

ஜிமெயிலில் இது 5 விநாடியாக இருக்கும். கணினியில் பல்சக்கரக் குறியை அழுத்தி, எல்லா செட்டிங்ஸையும் திறந்து, ஜெனரல் பக்கத்தில் 'அன்டூ சென்ட்' என்ற இடத்தில் 30 ஆக்குங்கள். பக்கத்தின் அடியில் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்தாவிட்டால் மாற்றம் பதிவாகாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஐபோனின் மெயில் செயலியில் (ஐஓஎஸ் 16 முதல்) மெயில் செட்டிங்ஸுக்குள் இதே வசதி உண்டு, அங்கும் உச்சம் 30 விநாடி.

கணினியில் நிறுவிய மைக்ரோசாஃப்டின் பழைய (கிளாசிக்) அவுட்லுக்கில் இன்னும் தாராளமாக நேரம் வாங்கலாம். ஃபைல், மேனேஜ் ரூல்ஸ், நியூ ரூல் என்று போய், 'நான் அனுப்பும் மெயில்கள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிபந்தனை எதுவும் குறிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் 'எல்லா மெயிலுக்குமா?' என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, 'டிஃபர் டெலிவரி' என்பதில் 2 நிமிடம் வையுங்கள். 120 நிமிடம் வரை விடும், ஆனால் 2 போதும். அதிக முக்கியத்துவம் குறித்த மெயில்களுக்கு விலக்கு வைத்தால் அவசர மெயில் தடைபடாது. அந்த 2 நிமிடத்துக்குள் அவுட்லுக்கை மூடினால் மெயில் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெரிய இணைப்புக் கோப்பு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து, அவுட்பாக்ஸில் இருப்பதை அழித்துவிடலாம்.

போய்விட்டது, இனி என்ன?

அவுட்லுக்கில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'ரீகால்' வசதி மீது பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. பெறுநரும் உங்கள் நிறுவனத்தின் அதே மைக்ரோசாஃப்ட் அமைப்புக்குள் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. ஜிமெயில்காரருக்கோ வெளி நிறுவனத்துக்கோ போன மெயிலை அது தொடாது. பழைய வகை ரீகாலில், 'இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்ற அறிவிப்பு வேறு போய்ச் சேரும்; பார்க்காமல் இருந்தவரும் திறந்து பார்ப்பார்.

மெயிலைப் பிடிக்க முடியாதபோது, அதற்குள் இருப்பதற்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள். 25 எம்பியைத் தாண்டிய கோப்பை ஜிமெயில், கூகுள் டிரைவின் லிங்க்காகத்தான் அனுப்புகிறது. டிரைவில் அந்தக் கோப்பின் 'ஷேர்' பகுதியில், பொது அணுகலை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கி, பெறுநரின் பெயரையும் நீக்குங்கள். அதற்குள் அவர் இறக்கிக்கொள்ளாதிருந்தால் தப்பித்தீர்கள். கடவுச்சொல் போயிருந்தால் விளக்கம் எழுதுவதற்கு முன்பே அதை மாற்றுங்கள். ஆதார் நகல் அந்நியருக்குப் போயிருந்தால் ஆதாரை வழங்கும் யூஐடிஏஐ அமைப்பின் தளத்திலோ செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். பான் எண் சேர்ந்து போயிருந்தால், அடுத்த சில மாதங்களில் கடன் அறிக்கையை எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

பிறகு பெறுநரிடம் பேசுங்கள். தெரிந்தவர் என்றால் தொலைபேசிதான் வேகம். எழுதுவதானால் புதிய மெயிலாக எழுதுங்கள். பழையதற்கே ரிப்ளை போட்டால், மறைக்க நினைத்த வாசகம் கீழே மறுபடியும் ஒட்டிக்கொண்டு போகும். இவ்வளவு போதும்:

"சற்று முன் உங்களுக்கு வந்த 'சம்பளப் பட்டியல்' மெயில் தவறுதலாக அனுப்பப்பட்டது. இணைப்பைத் திறக்காமல், டிராஷிலிருந்தும் சேர்த்து நீக்கிவிட்டு, நீக்கியதை ஒரு வரியில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

நீண்ட மன்னிப்பும் காரண விளக்கமும் வேண்டாம். அவை ஆர்வத்தைத்தான் கிளப்பும். அலுவலகத் தகவலோ வாடிக்கையாளர் விவரமோ என்றால் மேலதிகாரிக்கும் ஐடி பிரிவுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஐரோப்பியச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள், ஆட்களுக்குப் பாதிப்பு வரக்கூடிய கசிவைத் தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். நீங்கள் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கணக்கில்தான் கழியும்.

பிசிசி

2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்த 245 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பியது. முகவரிகளை, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் மறைக்கும் பிசிசி-யில் இடவில்லை. ஒருவர் முகவரி எல்லோருக்கும் தெரிந்தது. இருவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்தார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். அந்தத் தகவல் தாலிபான் கையில் சிக்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து வந்திருக்கலாம். 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம். கூட்டமாக அனுப்பும்போது மெயில் மெர்ஜ் பயன்படுத்தி ஒவ்வொருவருக்கும் தனி மெயில் போகச் செய்வதே சரி, பிசிசி இரண்டாம்பட்சம். பிசிசி-யில் இருப்பவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்தால் அவர் மறைவாக இருந்ததும் வெளிப்பட்டுவிடும்.

மறுபடி நேராமல்

பெறுநர் முகவரியைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் இணைப்பு, பிறகு வாசகம், பிறகு முகவரி. பதில் எழுதும்போதும் முகவரியை வெட்டி எடுத்துவிட்டு, முடித்தபின் சேர்க்கலாம். இரண்டு எழுத்து அடித்ததும் தானாக நிரம்பும் முகவரி பல தவறுகளுக்குக் காரணம். அவுட்லுக்கில் அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பழைய முகவரி போய்விடும். ஜிமெயிலுக்கு, கூகுள் கான்டாக்ட்ஸில் 'அதர் கான்டாக்ட்ஸ்' பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். ஃபார்வர்டு செய்யும் முன் கீழே தொங்கும் பழைய உரையாடலை அடிவரை படியுங்கள். எக்ஸெல் கோப்பில் மறைத்து வைத்த ஷீட்டும் சேர்ந்தே போகும். வேண்டியதை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

அடுத்தவர் மெயில் உங்களுக்கு வந்தாலோ, அனுப்பியவர் தெரிந்தவராகவோ அலுவலகமாகவோ இருந்தால் ஒரு வரி சொல்லிவிட்டு நீக்குங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து பில், சம்பளப் பட்டியல் என்று வரும் 'தவறான' மெயில் பெரும்பாலும் தூண்டில். இணைப்பைத் திறக்காதீர்கள், பதிலும் வேண்டாம். வேறொருவரின் வங்கி ஸ்டேட்மென்ட் தொடர்ந்து வருகிறதென்றால், மெயிலில் உள்ள லிங்கை விட்டுவிட்டு, வங்கியின் தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு முகவரியை நீக்கச் சொல்லுங்கள்.